துளசிமணியின் உடம்பு பேசிய நாள்

பொருள்கள் பேசினால் ஆட்கள் திரும்பிப் பார்த்துப் பதில் சொல்லும் ஊர் ஒன்று இருந்தது. பெயர் வெள்ளாங்காடு. வாய்க்கால் கரையில் அறுபது வீடுகள். அங்கே ஆட்டுக்கல் வம்பு பேசும், ஏற்றக்கயிறு குறை சொல்லும், மாடு ஞாயம் கேட்கும். யாரும் அதை அதிசயமாக எடுத்துக்கொள்வதில்லை.

அந்த ஊருக்குத் துளசிமணி வாழ வந்தபோது கூடவே அவள் பிறந்த வீட்டு மாடும் வந்தது. செம்மண் நிறக் கலப்பின மாடு. செவலை என்று கூப்பிடுவார்கள். மாப்பிள்ளை சென்னியப்பன் வாடகைக்கு டிராக்டர் ஓட்டுகிறவன். நல்ல உழைப்பாளி, மாட்டின் மேல் உயிரை வைத்திருப்பவன். பெண்வீட்டு மாடு என்பதால் செவலை அவனை "மாப்ள" என்றுதான் அழைக்கும். அவனும் கோபித்துக்கொள்ள மாட்டான்.

துளசிமணி பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். வந்த மூன்றாம் மாதமே மாடு கட்டும் கட்டுத்தரையை மேடாக்கிக் கல் பதித்தாள். வேலியோரம் தீவனப்புல் நட்டாள். செவலை வேளைக்கு ஐந்து லிட்டர் கறந்தது. அந்தப் பாலை ஊற்ற அவள் வாய்க்கால் பாலம் தாண்டி, ஒன்றரை மைல் நடந்து அடுத்த ஊர் பால் சொசைட்டிக்குப் போவாள். இடுப்பில் அலுமினிய கேன் வரும். கேனுக்கு வாய் சும்மா இருக்காது.

"அக்கா, நம்மூர்லயே ஒரு பால் எடுக்கற எடம் வந்தா எப்படி இருக்கும்?" என்றது ஒரு நாள்.

"ஆரு நடத்தறது?"

"நீதான். உனக்கென்ன படிப்பில்லையா? கொழுப்புப் பாக்கற மிஷினைப் பத்து நாள்ல பழகிக்குவ. நம்மூர்ல பாதி வீட்டுல மாடே இல்ல, பாத்தியா? இத்தனை தூரம் நடக்க முடியாதுன்னுதான் வெச்சுக்காம இருக்கறாங்க. பால் வண்டி இங்கயே வந்தா வீட்டுக்கு வீடு மாடு நிக்கும்."

துளசிமணிக்கு அந்தப் பேச்சு இனித்தது. அவளுக்கும் அதே எண்ணம் வெகு நாளாக இருந்தது. சொசைட்டி செக்ரட்டரி ரங்கநாதனும் அதையே நினைத்தார் போலிருக்கிறது. ஒரு நாள் வீட்டுக்கே வந்து, "உங்க ஊருக்குத் தனி மையம் போடலாம்னு இருக்கறோம். நீ எடுத்து நடத்தறயா அம்மிணி?" என்று கேட்டார்.

அப்போது அவள் ஆறு மாதம் முழுகாமல் இருந்தாள். "புள்ள பொறந்து கொஞ்ச நாள் போகட்டுங்க. கண்டிப்பா வாரேன்" என்றாள்.

மூத்தவள் பிறந்தாள். விட்டத்தில் தூளி ஏறியது. துளசிமணியின் பச்சை நூல்சேலைதான் தூளி. மெத்தென்ற துணி, மெத்தென்ற குரல். ஆனால் பிடித்தால் விடாது.

"ஆட்டு துளசி" என்று கொஞ்சும். "இன்னும் கொஞ்சம் ஆட்டு. உனக்கு வேறென்ன வேலை?"

குழந்தை தூளியில் கிடந்த அந்த மாதங்களில் அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். குழந்தை நடக்கத் தொடங்கும் முன்பே அடுத்தது வயிற்றில் வந்துவிட்டது. செக்ரட்டரி இரண்டாம் முறை வந்தார். துளசிமணி வாந்தி எடுத்துக் கழுவிய வாயோடு வந்து நின்று, "இப்ப முடியாதுங்க" என்றாள். அவர் மோர் குடித்துவிட்டுப் போனார்.

இரண்டாவதும் பெண். அவளுக்கு ஒன்றரை வயது ஆகும்போது மூன்றாவதும் பிறந்தது. அதுவும் பெண். கல்யாணமாகி நாலரை வருடத்தில் மூன்று பிள்ளைகள். தூளி விட்டத்தை விட்டு இறங்கவே இல்லை.

வீட்டுக்குள் தினமும் சண்டை நடந்தது.

"நீ அவளைப் புடிச்சு வெச்சிருக்கற" என்று அடுக்களை மூலையிலிருந்து கேன் கத்தும். "உன்னாலதான் எல்லாம் நின்னு போச்சு."

"நான் என்ன பண்ணினேன்? புள்ளைகளைத் தாலாட்டறது குத்தமா?" என்று தூளி அழும். "நீதான் அவளைத் தெருத்தெருவா இழுக்கற. பேராசைக்காரன்."

இரண்டுக்கும் நடுவில் துளசிமணி நிற்பாள். ஒரு கை தூளியை ஆட்டும், மறு கை கேனைக் கழுவும். நகம் வெளுத்திருந்தது. படி ஏறினால் மூச்சு வாங்கியது. வேலை அதிகம், அதனால்தான் என்று அவளே தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

கட்டுத்தரையில் செவலை இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு குறையும் இல்லை. சென்னியப்பன் அதற்கென்று ஓர் அட்டையைச் சுவரில் மாட்டியிருந்தான். எப்போது கன்று போட்டது, எப்போது சினை ஊசி, எப்போது பூச்சி மருந்து என்று எல்லாம் அதில் இருக்கும். கன்று போடுவதற்கு இரண்டு மாதம் முன்பே பால் கறப்பதை நிறுத்திவிடுவான். அந்த இரண்டு மாதமும் கூடுதலாகத் தவிடும் புண்ணாக்கும் வைப்பான். மாட்டு டாக்டர் அவனைப் பார்த்தால் தோளில் தட்டிவிட்டுத்தான் போவார்.

கடைசிப் பெண்ணுக்கு ஏழு மாதம் ஆனபோது செக்ரட்டரி மூன்றாம் முறை வந்தார். இந்தத் தடவை உட்காரவில்லை.

"தைக்குள்ள மையம் ஆரம்பிச்சாகோணும் அம்மிணி. நீ இல்லைன்னா வேற ஊருக்குக் குடுத்துருவாங்க. அப்பறம் என்ற கையில ஒண்ணுமில்ல."

"நான் நடத்தறேனுங்க" என்று துளசிமணி சட்டென்று சொன்னாள். சொன்ன வேகத்தில் அவளுக்கே பயமாக இருந்தது. அடுக்களையில் கேன் ஆனந்தத்தில் மூடியைத் தட்டிக்கொண்டது.

மறுநாள் காலையில் அவள் பாலோடு புறப்பட்டாள். வாய்க்கால் பாலத்தின் நடுவில் வந்தபோது கண் இருண்டது. பிடிக்க ஏதாவது இருக்கிறதா என்று கை தேடியது. கேன் நழுவி உருண்டது. பால் அத்தனையும் பாலத்தில் ஓடி வாய்க்காலில் விழுந்தது.

"அக்கா! அக்கா!" என்று கேன் அலறியது. அந்த அலறலைக் கேட்டுத்தான் நெல் வயலில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள். முகத்தில் தண்ணீர் தெளித்து, ஒரு வண்டியில் ஏற்றி வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள்.

அவள் பாயில் கிடந்தாள். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்காரி கூட்டிப்போயிருந்தாள். தூளியும் கேனும் ஆளில்லாத வீட்டில் மறுபடி ஆரம்பித்தன.

"ராத்திரியெல்லாம் உன்னை ஆட்டித்தான் அவளுக்கு இந்தக் கதி."

"ஒன்றரை மைல் உன்னைச் சுமந்துதான்."

"ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடறீங்களா?"

புதுக் குரல். யாரும் இதுவரை கேட்டிராதது. துளசிமணி தலையைத் தூக்கிப் பார்த்தாள். கதவருகில் யாரும் இல்லை.

"வெளிய தேடாத. நான் உன்ற உடம்பு."

அவள் பாயில் எழுந்து உட்கார்ந்தாள். "நீ பேசுவியா?"

"இருபத்தேழு வருசமா பேசிக்கிட்டுத்தான் இருக்கறேன். மூச்சு வாங்கறப்ப பேசினேன். தலை சுத்தறப்ப பேசினேன். நீ சோறு ஆறிப்போகுதுன்னு எந்திரிச்சுப் போயிட்ட. அதான் இன்னைக்குப் பாலத்துல உன்னைக் கீழ உக்கார வெச்சேன். வேற வழி தெரியல."

கேன் மெல்லக் கேட்டது. "அப்ப குத்தம் தூளி மேலதானே?"

"குத்தம் ஆரு மேலயும் இல்ல. எனக்குத் தூளியும் புடிக்கும், உன்னையும் புடிக்கும். ரெண்டையும் சுமக்கற தெம்பு எனக்கு உண்டு. ஆனா நடுவுல நாள் வேணும். மூத்தவளுக்குக் குடுத்த ரத்தம் ஊறறதுக்குள்ள ரெண்டாமவ வந்துட்டா. அவளுக்குக் குடுத்தது ஊறறதுக்குள்ள மூணாமவ. நான் எங்கிருந்து எடுத்துக் குடுக்கறது? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா, ஆராச்சும்?"

துளசிமணி தன் கையைத் தானே தடவிக்கொண்டாள், முதன்முதலாகப் பார்ப்பதுபோல.

சாயங்காலம் அவள் சுவரையும் வேலியையும் பிடித்துக்கொண்டே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாள். பியூலா நர்ஸம்மா அவள் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு ரத்தம் எடுத்தார். "பன்னெண்டு இருக்க வேண்டிய ரத்தம் ஏழு பாயிண்ட்தான் இருக்கு. எப்படி நடந்து வந்தே?" என்றார். பிறகு, "போன மாசம் தலைக்குக் குளிச்சியா?" என்று கேட்டார்.

துளசிமணி தலையை ஆட்டினாள், இல்லை என்று. கடைசிப் பெண் பிறந்ததிலிருந்தே மாதவிலக்கு வரவில்லை. சிறுநீரைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் எத்தனையோ தடவை செத்துப் பிழைத்தாள்.

"ஒண்ணுமில்ல. கர்ப்பமில்ல" என்றார் நர்ஸம்மா.

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பிள்ளை இல்லை என்று ஒருத்தி இப்படி ஆறுதல் கொள்ளலாமா என்று வெட்கமாகவும் இருந்தது. நர்ஸம்மா அந்த அழுகையைப் பல பெண்களிடம் பார்த்தவர். தண்ணீர் கொடுத்துவிட்டு, "புதன்கிழமை லேடி டாக்டர் வருவாங்க. அடுத்தது வேணுமா, எப்ப வேணும், வேண்டாமான்னு நீ யோசிச்சு வா. அதுக்கு ஏத்த மாதிரி சொல்லுவாங்க. உன் வீட்டுக்காரரையும் கூட்டி வந்தா நல்லது" என்றார்.

அவள் வீட்டுக்குத் திரும்பியபோது கட்டுத்தரையில் பேச்சுக் குரல் கேட்டது. சென்னியப்பன் செவலையின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தான். துளசிமணி வைக்கோல் போரை ஒட்டி நின்றாள். எட்டிப் பார்க்கவில்லை. கேட்டாள்.

"துளசி பாலத்துல விழுந்துட்டாளாம் செவலை, பயந்துட்டேன்" என்றான் அவன். "ஒரு பையன் மட்டும் பொறந்துட்டாப் போதும். அப்பறம் அவளை நிம்மதியா விட்டர்லாம்."

செவலை அசை போடுவதை நிறுத்தியது.

"மாப்ள, நான் போன தடவை கன்னு போட்டப்ப பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்தாரே. ஒரே மாசத்துல ஊசி போட்டுரு, அடுத்த கன்னு சீக்கிரம் வரும்னாரு. நீங்க என்ன சொன்னீங்க?"

"மாடு மொதல்ல தேறட்டும்னேன்."

"ஏன்?"

"இதென்ன கேள்வி? தேறாம சினை புடிச்சா மாடு ஓஞ்சு போகும். கன்னு நோஞ்சானா விழும். பாலும் இருக்காது. மாடு வெச்சிருக்கறவனுக்கு இது தெரியாதா?"

"தெரியுதுல்ல?"

தேய்க்கும் கை நின்றது.

"எனக்குச் செவுத்துல அட்டை மாட்டியிருக்கறீங்க மாப்ள. அவளுக்கு எந்தச் செவுத்துல மாட்டியிருக்கறீங்க?"

"மாடும் பொண்டாட்டியும் ஒண்ணா?" என்று சென்னியப்பன் குரலை உயர்த்தினான்.

"ஒண்ணில்ல. அதனாலதான் கேக்கறேன். மாட்டுக்கே இத்தனை பாக்கற ஆளு நீங்க. பையன் வேணுங்கறீங்க, சரி. அவளுக்கு ஒண்ணு ஆகிப்போச்சுன்னா அந்தப் பையனுக்கு ஆரு பால் குடுக்கறது? நானா?"

அவன் தேய்க்கும் நாரைக் கீழே வீசிவிட்டு வெளியே வந்தான். வைக்கோல் போரடியில் துளசிமணி நின்றதைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போயிற்று.

அவள் அழவில்லை. சொல்ல வேண்டியதை அந்த இடத்திலேயே சொன்னாள். "மாமா, எனக்கு ரத்தம் ஏழுதான் இருக்குதாம். புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போறேன். இப்ப புள்ள வேண்டாம், அதுக்கு வழி கேக்கப் போறேன். தையில மையத்தையும் எடுத்து நடத்தப் போறேன். நீங்க வந்தா எனக்குத் தெம்பா இருக்கும். வராட்டியும் போவேன்."

அவன் கட்டுத்தரைக்கே திரும்பிப் போனான். மூன்று நாள் செவலையிடமும் பேசவில்லை. தவிடு வைத்தான், தண்ணீர் காட்டினான், வாயைத் திறக்கவில்லை. செவலை அதைப் பொருட்படுத்தவும் இல்லை.

புதன்கிழமை காலையில் துளசிமணி செருப்பை மாட்டும்போது வாசலில் டிராக்டர் உறுமியது. சென்னியப்பன் உட்கார்ந்திருந்தான், கடைசிப் பெண்ணை மடியில் வைத்துக்கொண்டு.

"ஏறு. வெயிலுக்கு முன்ன போயிட்டு வந்தர்லாம்."

டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார், பொறுமையாகச் சொன்னார். ரத்தம் இவ்வளவு குறைவாக இருக்கும்போது காப்பர் டி போட்டால் உதிரம் கூடுதலாகப் போகலாம், அதனால் இப்போதைக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் ஊசி நல்லது, கூடவே இரும்புச் சத்து மாத்திரை, கீரை, முட்டை என்றார். ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொண்டு வேறு வழி வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம் என்றார். துளசிமணி நான்கு கேள்வி கேட்டாள். சென்னியப்பன் கடைசியில் ஒன்று கேட்டான், தரையைப் பார்த்துக்கொண்டு.

"ஆம்பளைகளுக்கும் ஏதோ இருக்குதுங்களாமே?"

"இருக்கு, ஆம்பளைகளுக்கான குடும்பக் கட்டுப்பாடு. சின்ன வேலை. சாயங்காலமே வீட்டுக்குப் போயிரலாம். ரெண்டு நாள் கனமா எதையும் தூக்கக் கூடாது, அவ்வளவுதான்" என்றார் டாக்டரம்மா. அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. துளசிமணியும் துருவவில்லை.

விஷயம் தெரிந்து செவலை சிரித்தது. "எனக்குப் போடற ஊசி சினை புடிக்க. உனக்குப் போடற ஊசி புடிக்காம இருக்க. ரெண்டு பேருக்கும் நேரம் தெரிஞ்சு போட்டாச் சரி" என்றது.

தை பிறந்தது. பாலத்துக்கு இந்தப் பக்கம், ரேஷன் கடையை ஒட்டிய கட்டிடத்தில் பால் மையம் திறந்தது. முதல் மாதம் துளசிமணி உட்கார்ந்தேதான் எடை போட்டாள். மூன்றாம் மாதம் நின்றுகொண்டு போட்டாள். ஆறாம் மாதத்தில் அவள் உடம்பு ஒரு நாள், "இன்னைக்கு வண்டியில கேனை நானே ஏத்தறேன், ஆளைக் கூப்பிடாத" என்றது. நகத்தில் மறுபடி செம்மை வந்திருந்தது.

தூளிதான் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. கடைசிப் பெண் இறங்கி ஓடத் தொடங்கியதும், "இனி என்னை மடிச்சுப் பொட்டியில போட்டுருவ, அப்படித்தானே?" என்றது. துளசிமணி அதை மையத்துக்குக் கொண்டுபோய் உத்தரத்தில் கட்டினாள். பால் ஊற்ற வருகிற பெண்கள் கைக்குழந்தைகளை அதில் போட்டுவிட்டு வரிசையில் நின்றார்கள். தூளிக்கு வேலை கூடிப்போயிற்று. அழுவதற்கு நேரமில்லை.

வரிசையில் நின்ற பெண்கள் பால் மட்டும் கொண்டுவரவில்லை. எடை போடும்போது ஒருத்தி குனிந்து மெதுவாகக் கேட்பாள். "அந்த ஊசி ஒடம்பை ஒண்ணும் பண்ணாதாக்கா?" இன்னொருத்தி, "எனக்கும் படி ஏறினா மூச்சு வாங்குது" என்பாள். மற்றொருத்திக்குக் கல்யாணமாகி ஐந்து வருடமாகியும் பிள்ளையில்லை. அவளும் கேட்டாள். துளசிமணி தனக்குத் தெரிந்ததைச் சொல்வாள், தெரியாததை நர்ஸம்மாவிடம் அனுப்புவாள். கேட்பவர்கள் பெருகவே பியூலா நர்ஸம்மா மாதம் இரண்டு முறை மையத்துக்கே வர ஆரம்பித்தார்.

அடுத்த ஆடியில் சென்னியப்பன் யாரிடமும் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தான். வந்தவன் நேராகக் கட்டுத்தரைக்குப் போய், "எனக்கு மூணு பொண்ணுக போதும் செவலை. ரெண்டு நாளைக்கு உனக்குச் சோளத்தட்டு வெட்டிப் போட முடியாது. கனம் தூக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றான். செவலை அவன் தோளை ஒரு தடவை நக்கிக் கொடுத்தது. துளசிமணி மட்டும் இதை அறிந்து, அன்று அவனுக்குப் பிடித்த வெள்ளைப் பணியாரம் சுட்டாள். மூன்று மாதம் கழித்து டாக்டரம்மா சோதித்துச் சொன்னதும் ஊசியை நிறுத்திவிட்டாள்.

வருடங்கள் போயின. பிள்ளை பெற்றவர்கள் தேறி எழுந்தார்கள். எழுந்தவர்கள் மாடு பிடித்தார்கள். அறுபது வீட்டில் ஐம்பதுக்கு மேல் மாடு நின்றது. ஐந்து வயதில் சோர்ந்து கிடந்த பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள். காலையும் மாலையும் பால் வண்டி வந்தது. வண்டிக்காகச் சாலை வந்தது. சாலைக்குப் பின்னால் ஒரு தீவனக் கடை, இரண்டு தையல் கடை, பேருந்து என்று ஒவ்வொன்றாக வந்தன. வெள்ளாங்காட்டின் பால் மூன்று மடங்கானது.

பக்கத்து ஊர்களில் அதே வாய்க்கால்தான், அதே புல்தான். அங்கே பால் ஏறவில்லை. ஏன் என்று பார்க்கப் பால்வளத் துறையிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். கையில் குறிப்பேடு, கழுத்தில் அடையாள அட்டை. மையத்தில் கூட்டம் கூடியது.

"இந்த ஊர்ல என்ன பண்ணீங்க? அதை எழுதிட்டுப் போய் மத்த ஊர்லயும் சொல்லணும்" என்றார்.

"நாங்க ஓய்வில்லாம ஓடினோமுங்க" என்றது கேன்.

"நல்ல சாதி மாடுங்க" என்றார் ஒரு பெரியவர். வெளியே கட்டியிருந்த செவலையின் பேத்தி பெருமையோடு தலையை நிமிர்த்தியது.

"சாலை வந்துச்சுங்க" என்றான் வண்டிக்காரன்.

அதிகாரி எல்லாவற்றையும் எழுதினார். அப்படியும் அவருக்குத் திருப்தி இல்லை. துளசிமணி பக்கம் திரும்பினார். அவள் கேனிலிருந்து மாதிரிப் பால் எடுத்து மிஷினில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"நீங்க சொல்லுங்கம்மா. மாட்டுக்குப் புதுசா என்ன தீவனம் போட்டீங்க?"

துளசிமணி வரிசையில் நின்ற பெண்களைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்துச் சொன்னாள்.

"தீவனமெல்லாம் பழசுதாங்க. கறக்கறவங்களுக்குத்தான் ரத்தம் ஊறியிருக்குது."